சாண்டோவின் கோகோ டப்பா

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் சொல்ல மாட்டேன். வாய்ப்பாட்டில் கெட்டிக்காரன், நல்ல பிள்ளை. வேலை போய்விட்டதாம், இப்போது 'இயற்கை மூலிகை புரோட்டீன் பவுடர்' விற்கிறான். ஒரு டப்பா 2,400 ரூபாய். டப்பா மேலே தோள் புடைத்த ஓர் ஆள் படம். "டீச்சர், இதைக் குடிச்சா சின்னப் பசங்க சாண்டோ மாதிரி ஆயிருவாங்க. உங்களுக்கும் நல்லதுங்க, மூணு மாசத்துல தரையில உக்காந்து தானா எந்திரிப்பீங்க. நீங்க ஒரு பதிவு போட்டீங்கன்னா நம்ம ஆளுங்க நூறு பேராச்சும் வாங்குவாங்க" என்றான்.

தரையில் உட்கார்ந்து எழுவதை அவன் சும்மா சொல்லவில்லை. போன வருடம் எங்கள் வீட்டு வளைகாப்பில் பாயில் உட்கார்ந்த என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேரில் அவனும் ஒருவன். எனக்கு 66 வயது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு. தொடையில் வலு போய்விட்டது, அவ்வளவுதான்.

ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன். கெடுதலாக ஒன்றும் இல்லை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மாதம் ஒழுங்காகக் குடித்தேன். எழுந்திருக்கப் பழையபடி கைதான் வேண்டியிருந்தது. "டீச்சர், பதிவு?" என்று அவன் மறுபடி போன் செய்தபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் சொன்ன 'சாண்டோ' என்ற சொல் மட்டும் மனசிலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்ணு, உனக்கும் இதுதான் பதில்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்குச் சாண்டோ என்றால் சின்னப்பா தேவர்தான். எம்.ஜி.ஆரை வைத்து 1956இல் 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்தவர். படம் எடுக்க வருவதற்கு முன்பே தேகப்பயிற்சியில் பேர் வாங்கியவர். பெயருக்கு முன்னால் சாண்டோ ஒட்டிக்கொண்டது அதனால்தான். நாங்கள் படித்த காலத்தில் கொஞ்சம் புஜம் உள்ள எந்தப் பையனுக்கும் அதுதான் பட்டப்பெயர். அது ஒரு ஜெர்மன்காரரின் பெயர் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

யூஜின் சாண்டோ 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். வீட்டில் வைத்த பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். சாண்டோ என்பது மேடைக்காக வைத்துக்கொண்டது. ஊர் ஊராக வித்தை காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த இளைஞரை அட்டிலா என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு வாத்தியார் பிரசெல்ஸில் பிடித்துக்கொண்டார். கனமான இரும்பைத் தூக்கப் பழக்கியவர் அவர்தான். 1889இல் லண்டனில் சாம்சன் என்ற பலசாலி, தன்னை ஜெயிக்க யாராவது உண்டா என்று மேடையில் சவால் விட்டுக்கொண்டிருந்தார். சாண்டோ போய் ஜெயித்தார். ஒரே இரவில் பேர் பரவியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி சமயத்தில் அமெரிக்காவே அவரைப் பார்த்தது. அடுத்த வருடம் எடிசனின் கேமரா முன்னால் தசையை முறுக்கி நின்றார். சினிமாவின் ஆரம்பகாலப் படங்களில் அதுவும் ஒன்று. 1904-05 வாக்கில் நம் நாட்டுக்கும் வந்து மேடை ஏறினார். நம் ஊர் தேகப்பயிற்சி நிலையங்களில் அவர் பேர் நிலைத்தது அப்படித்தான்.

இனிதான் முக்கியமான இடம். மேடையில் தூக்கிப் பிழைக்கிற பிழைப்பு வயதானால் நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1897இல் லண்டனில் பயிற்சிக்கூடம் ஆரம்பித்தார், 1898இல் பத்திரிகை ஆரம்பித்தார், தபால் வழியாகப் பாடம் நடத்தினார். விற்ற கருவி என்ன தெரியுமா? கையில் அடங்குகிற சின்ன டம்பெல். இரண்டாகப் பிளந்து நடுவே சுருள்வில் வைத்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டே கையை மடக்க வேண்டும். அவர் உடம்பை வளர்த்ததோ அட்டிலாவின் கனத்த இரும்பு. நமக்கு விற்றது சில பவுண்டு பொம்மை! தபாலில் அனுப்ப வேண்டுமே, இரும்புக் குண்டை எப்படி அனுப்புவது?

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நல்ல வாத்தியார், அதை மறைக்கக் கூடாது. அவர் புத்தகங்களில் அட்டவணை உண்டு. இந்த வயதுக்காரர், இந்தப் பயிற்சி, முதலில் இத்தனை முறை, இத்தனை நாளுக்கு ஒரு முறை ஒன்று கூட்டு என்று போட்டிருக்கும். டேப் வைத்து மார்பு, புஜம், தொடை அளந்து எழுதி வைக்கவும் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, அளந்து பார்: வாய்ப்பாடு சொல்லித் தருகிற முறைதான் இது. 1901 செப்டம்பர் 14ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தன் மாணவர்களுக்கு ஒரு பெரிய உடலழகுப் போட்டி வைத்தார். கடைசிச் சுற்றில் 60 பேர். உடன் நடுவராக உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில். நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே தங்கச் சிலையை வாங்கிப் போனார்.

இப்போது டப்பாவுக்கு வருவோம். அதே காலத்தில் 'பிளாஸ்மான்' என்று ஒரு பொடி வந்தது. பாலிலிருந்து புரதத்தைப் பிரித்து உலர்த்திய மாவு, ஜெர்மனியில் கண்டுபிடித்தது. இன்றைக்கு ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் கலக்கிக் குடிக்கிறதற்குத் தாத்தா. சாண்டோவும் அதைப் பரிந்துரைத்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதில் பணம் போட்டார், அமெரிக்கக் கம்பெனியில் போட்டது போய்விட்டது. (நம்ம ஆள்களுக்கு மட்டும்தான் சீட்டுக் கம்பெனியில் ஏமாறத் தெரியும் என்று நினைக்காதீர்கள்.) ஷேக்கில்டன் தென்துருவம் நோக்கிப் போனபோது பிளாஸ்மான் பிஸ்கட் கொண்டு போனார். இத்தாலியில் குழந்தைகளுக்கான பிஸ்கட்டாக அந்தப் பெயர் இன்னும் கடையில் இருக்கிறது. பாலில் புரதம் உண்டு, பசித்தவனுக்கு அது நல்லதுதான். அதில் பொய் இல்லை.

அப்புறம் சாண்டோ தன் பேரிலேயே இறங்கினார். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தன் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். அந்தக் கௌரவம் சூடாக இருக்கும்போதே வந்தது 'சாண்டோ கோகோ'. ஆரோக்கியமும் வலிமையும் தருகிற கோகோ! லண்டனுக்கு மேற்கே ஹேஸ் என்ற ஊரில் தொழிற்சாலையே கட்டினார்கள். பிறகு முதல் உலகப்போர் வந்தது; ஜெர்மனியில் பிறந்தவர் என்ற பேச்சும் கிளம்பியது. 1916இல் கோகோ கம்பெனி திவால். தொழிற்சாலை கைமாறிக் கைமாறிக் கடைசியில் நெஸ்லேயிடம் போனது.

என்னிடம் படித்தவர்களுக்குக் காலக்கோடு மறந்திருக்காது. எத்தனை தடவை போடச் சொல்லிப் படுத்தியிருக்கிறேன்! இதையும் ஒரு கோடாகப் போட்டுப் பாருங்கள். 1889இல் அந்த உடம்பு தயார், லண்டனே பார்த்துவிட்டது. கோகோ வந்தது இருபது வருடத்துக்கு மேல் கழித்து. கோகோ குடித்து வந்த உடம்பு இல்லை அது. உடம்பு வந்த பிறகு வந்த கோகோ. டப்பா மேலே படம் போட ஓர் உடம்பு முதலில் வேண்டும், அது வேறு எங்கோ வேறு விதமாக உண்டாகியிருக்கும்.

அந்த 'வேறு விதம்' என்ன என்பதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தது மருத்துவர்கள். இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயம், சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனை. முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். லேசான எடையைப் பல முறை தூக்க வைப்பதே அன்றைய வழக்கம். தாமஸ் டெலார்ம் என்ற இளம் மருத்துவர், சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, பளு தூக்கித் தேறியவர். கனமாகக் கொடுப்போம், குறைந்த தடவை கொடுப்போம், தேறத் தேறக் கூட்டுவோம் என்றார். 1945இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று பார். அதில் பாதியைப் பத்து முறை, முக்காலைப் பத்து முறை, முழுசைப் பத்து முறை. வலு ஏறினால் எடையைக் கூட்டு. பின்னால் அவர் எளிமையாக்கிச் சொன்ன முறை இது. இன்றைய ஜிம்மில் மூன்று செட், பத்து பத்து என்கிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

சிப்பாய்கள் இளைஞர்கள், நமக்கு ஆகுமா என்று நானும் நினைத்தேன். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு முதியோர் இல்லத்தில் பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90. அறுபது இல்லை, தொண்ணூறு! முழுதாக முடித்த ஒன்பது பேருக்கும் சேர்த்து வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆரம்பத்தில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் கை ஊன்றாமல் எழுந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றில் ஒருவர்தான். இருந்தாலும் ஒருவர்.

அதே குழு 1994இல் வெளியிட்டது உனக்கானது, கண்ணு. நூறு பேர், சராசரி வயது 87. நாலு பிரிவு. ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும், ஒன்றுக்குப் பயிற்சியும் சத்து பானமும், ஒன்றுக்குச் சத்து பானம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம். பயிற்சி செய்தவர்களுக்கு வலு 113 சதவீதம் கூடியது. ஐந்தாம் வகுப்புக் கணக்காகச் சொன்னால், பத்து கிலோ தள்ளிய கால் 21 கிலோவுக்கு மேல் தள்ளியது. செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். நடக்கிற வேகம், படியேறுகிற பலம் எல்லாம் பயிற்சிக்காரர்களுக்கே கூடின. சத்து பானத்தை மட்டும் குடித்தவர்களுக்குத் தளர்ச்சி குறையவில்லை.

"அமுக்கராவுக்கு ஆராய்ச்சி இருக்குதுங்க டீச்சர்" என்று நீ ஒரு தாள் அனுப்பினாய். படித்தேன். 2015இல் வந்தது, 57 ஆண்கள், 18இலிருந்து 50 வயது வரை, எட்டு வாரம். அமுக்கரா சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாக வலு ஏறியதாகத்தான் போட்டிருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 57 பேரும் எடைப்பயிற்சி செய்தவர்கள். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களும் செய்தார்கள், அவர்களுக்கும் ஏறியது. உன் நோட்டீஸில் அந்த வரி இல்லையே!

சாப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பெண்கள் மத்தியானம் ரசம் சோறோடு முடித்துக்கொள்கிறோம், அதில் புரதம் எங்கே இருக்கிறது? நம் நாட்டு ஆராய்ச்சிக் கழகக் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ இருக்கிற எனக்குச் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் வரும். பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், பால் எல்லாம் சேர்த்தால் எட்டிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பிசியோதெரபி படித்த என் இன்னொரு மாணவி வந்து எனக்குப் பாடம் எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழு, பத்து முறை, மூன்று தடவை. வாரத்தில் மூன்று நாள். சுலபமானால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அப்புறம் இரண்டு லிட்டர். பழைய பாடக்குறிப்பு நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வருகிறேன். முதல் நாள் கை ஊன்றித்தான் நாலு முறை. ஆறாவது வாரம் கை ஊன்றாமல் பத்து. இந்த வாரம் ஒரு லிட்டர் பாட்டிலோடு எட்டு. தரையிலிருந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை எழுந்தேன், யாரும் தூக்கவில்லை.

கண்ணு, பதிவு கேட்டாய், இதுதான் என்னால் போட முடிந்த பதிவு. கோபித்துக்கொள்ளாதே. கணக்கில் நீ கெட்டிக்காரன், பக்கத்துத் தெரு டியூஷன் சென்டரில் ஆள் கேட்கிறார்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. பாதி டப்பா மீதி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடு.