பொதுப்பெட்டியில் நூற்றுக்கு நாலரை

2014 பெப்ரவரி 8. சிங்கப்பூரில் சர்வதேச கிரிக்கெட் சபை கூடுகிறது. வருமானத்தில் பெரும்பங்கும் நிர்வாகத்தில் முதலிடமும் இந்தியா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றுக்கும் என்பது தீர்மானம். முழு உறுப்புரிமை பெற்ற பத்து நாடுகளில் எட்டு ஆதரித்தன. பாகிஸ்தானும் இலங்கையும் ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை, வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. தீர்மானம் நிறைவேறியது.

அந்த மூவரில் ஒருவரான இந்தியா, இருபது வருடங்களுக்கு முன்னர் இதே மேசையில் மற்றப் பக்கம் இருந்த நாடு. 1909இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா என்ற மூன்று நாடுகள் தொடக்கிய சபை இது. முதலிரு நாடுகளுக்கும் 1993 வரை தடுப்பதிகாரம் இருந்தது. அவை வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. 1993இல்தான் அது போனது. அதே வருடம் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து, சிறிய நாடுகளின் வாக்குகளைத் திரட்டி, 1996 உலகக் கிண்ணத்தை இங்கிலாந்தின் கையிலிருந்து பறித்தன. சிறிய நாடுகளுக்கு இங்கிலாந்து சொன்னதிலும் கூடிய தொகை தருவதாக இவர்கள் வாக்குக் கொடுத்திருந்தனர். ஒரு வாக்குக்கு விலை இருந்த காலம் அது.

அந்தக் கிண்ணத்தின் இறுதியாட்டம் 1996 மார்ச் 17இல் லாகூரில் நடந்தது. போர் நடந்த வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளாலிக் கடலேரி கடந்து வந்த சனங்கள் கொட்டில்களில் இருந்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்ட காலம். சுற்றுபவர் களைத்தால் குரலும் இறங்கிவிடும். இலங்கையின் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து அவுஸ்திரேலியாவை வீழ்த்திய அந்த நாளில், விளையாட்டின் பணப்பாதை தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

திருப்பியது ஒரு வழக்கு. இந்திய மண்ணில் நடக்கும் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை அரசுத் தொலைக்காட்சியான தூரதர்ஷனுக்கு மட்டுமா என்ற கேள்விக்கு, 1995 பெப்ரவரி 9இல் இந்திய உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: வானலை பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல. அதற்குப் பின் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் ஆட்டத்தைத் தானே விலைபேசியது.

அமெரிக்காவில் இதே கதவு 1984இலேயே திறந்தது. அங்கே பல்கலைக்கழக அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்குப் பெரும் கூட்டம். அவற்றின் தேசியச் சங்கம் ஒளிபரப்பைத் தன் கையில் வைத்திருந்தது. ஒக்லஹோமா பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. பிறகு பிராந்தியக் கூட்டணிகள் தனித்தனியே விற்றன. கூடிய விலை பெற்ற கூட்டணிக்கு அணிகள் தாவின. 1915இல் உருவான பசிபிக் கரைக் கூட்டணி 2024இல் இரண்டே அணிகளோடு நின்றது. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்தது. 2026 முதல் இறுதிச் சுற்று வருமானத்தில் இரு பெரிய கூட்டணிகளுக்கு மட்டும் தலா ஏறத்தாழ 29 வீதம். முன்னர் ஐந்து பெரிய கூட்டணிகள் கிட்டத்தட்டச் சமமாகப் பகிர்ந்த பணம் அது.

கிரிக்கெட்டிலும் கணக்கு அப்படியே போனது. சிங்கப்பூர் ஏற்பாட்டை 2017இல் மற்ற நாடுகள் கலைத்தன. இந்தியாவுக்கு எட்டு வருடங்களுக்கு 293 மில்லியன் டொலர் என்றார்கள். இந்தியா முரண்டுபிடித்ததும் இரண்டே மாதத்தில் அது 405 மில்லியன் ஆனது. 2023இல் டர்பனில் புதிய பங்கீடு: இந்தியாவுக்கு 38.5 வீதம், இங்கிலாந்துக்கு 6.89, அவுஸ்திரேலியாவுக்கு 6.25, இலங்கைக்கு 4.52. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட இணை உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 11.19. 'மூன்று பெரியவர்' என்ற பேச்சே இப்போது பொருந்தாது, பெரியவர் ஒருவர்தான்.

இந்தியாவின் வாதம் இலேசில் தள்ளக்கூடியதல்ல. 2024 முதல் 2027 வரை சபையின் போட்டிகளை இந்தியாவில் ஒளிபரப்ப மட்டும் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கிடைத்தது. பார்ப்பவர் எங்கள் சனம், பணம் எங்கள் பணம் என்கிறார்கள். ஆனால் தனியே ஆடினால் யாரும் பார்க்கமாட்டார்கள். எதிரணியும் சேர்ந்துதான் ஆட்டம். அந்த எதிரணியை வளர்ப்பதற்குத்தான் பொதுப்பெட்டி வைத்தார்கள். சம்பாதித்தவருக்கே திருப்பிக் கொடுப்பதானால் பொதுப்பெட்டி எதற்கு? 1993இல் சிறியவர்களின் வாக்கால் வென்ற இலங்கை, 2014இல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அதே கேள்வியைக் கொழும்பிடம் நாங்களும் கேட்கலாம். 1982இல் பி. சரவணமுத்து மைதானத்தில், ஒரு தமிழரின் பெயர் தாங்கிய மண்ணில், இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. இன்றுவரை வடமாகாணத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் நடக்கவில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதான வேலை தொடங்கியதே 2025இல்தான். உலகத்திடம் 4.52 வீதம் பெறும் இலங்கைக் கிரிக்கெட் சபை, கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் எந்தச் சூத்திரத்தில் பங்கு பிரிக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கழகங்களின் வாக்குகள் கொழும்பில் குவிந்த வரலாறு அடுத்த வாரம்.

(தொடரும்)