மாலை உடையாக வெள்ளைச் சட்டை

காலரும் முழுக்கையும் முன்புறம் பட்டன் பட்டியும் கொண்ட வெள்ளைச் சட்டையை அலுவலக உடையாக அறியாத ஊர் இன்று குறைவு. அதே சட்டை இருட்டிய பின் நடக்கும் விருந்து, வரவேற்பு, விருது விழா ஆகியவற்றுக்கும் உரியதாக ஆனது இருவேறு வழிகளில். ஐரோப்பிய ஆணுக்கு அது கட்டாயம். கறுப்புக் கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை இல்லாமல் மாலை விருந்துக்குப் போக முடியாது என்ற நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பெண்ணுக்கோ அது நெடுங்காலம் பகலில் வேலைக்குப் போகும் உடை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சில உடை வடிவமைப்பாளர்கள் துணிந்து கையில் எடுத்த பிறகுதான் விருந்துக்கூடத்தில் அதற்கு இடம் கிடைத்தது. ஆணுக்கு விதியாகவும் பெண்ணுக்கு விதிமீறலாகவும் இருந்த இந்த முரண்தான் இன்று பெண்கள் அதை மாலையில் அணியும் முறைகளுக்கெல்லாம் அடிப்படை.

ஆண்களின் கஞ்சிச் சட்டை

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சட்டை உள்ளாடைக் கணக்கில்தான் சேர்ந்திருந்தது. கோட்டும் வெய்ஸ்ட்கோட்டும் மூடியதுபோக, கழுத்தோரமும் கை நுனியும் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கொஞ்சம் வெண்மையே ஆளின் வசதியைச் சொல்லிவிடும். அன்றாடம் வெளுத்து இஸ்திரி போட ஆள் வைத்திருப்பவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். லண்டனில் போ பிரம்மல் (1778–1840) சரிகையையும் பகட்டு வண்ணங்களையும் ஒதுக்கிவிட்டு, பளிச்சென்று வெளுத்த லினனும் கஞ்சி போட்ட கழுத்துத் துணியுமாக வலம் வந்தார். மேட்டுக்குடி ஆண்கள் அவர் வழியில் திரும்பினார்கள்.

கழற்றி மாட்டும் காலர் வந்தது வெளுக்கிற சிரமத்தால். நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில், 1827இல், ஹன்னா லார்ட் மான்டேக் என்பவர் கணவரின் சட்டையில் காலர் மட்டும் அழுக்காவதைப் பார்த்து அதை வெட்டியெடுத்துத் தனியே துவைத்து மறுபடி பொருத்தினார் என்பது அந்நகரம் சொல்லும் கதை. பின்னாளில் டிராய் காலர் தயாரிப்பில் பெயர்பெற்று ‘காலர் நகரம்’ ஆயிற்று. இதே சிக்கனம் எல்லை மீறிப் போனதும் உண்டு: முழுச் சட்டை போடாமல் நெஞ்சை மறைக்கும் முன்துண்டை மட்டும் மாட்டிக்கொள்ளும் வழக்கம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. செல்லுலாய்டில் செய்த காலர்களை ஈரத்துணியால் துடைத்தாலே போதும், வெளுக்க வேண்டியதில்லை.

மாலை உடைகளில் மிகச் சம்பிரதாயமானது வெள்ளை போ டையோடு அணிவது. அதற்கான சட்டையின் நெஞ்சுப்பகுதியில் மார்செல்லா என்னும் சிறு கட்டம் பின்னிய பருத்தித் துணியைத் தைத்து, பலகைபோல் நிற்கும் அளவுக்குக் கஞ்சி ஏற்றுவார்கள். காலர் தனி; அதன் இரு நுனிகளும் இறக்கைபோல் முன்னே மடிந்திருக்கும். பட்டனுக்குப் பதில் முத்து, சிப்பி அல்லது பொன்னாலான ஸ்டட்டுகள். விறைத்த முன்பகுதி இடுப்புக்கு மேலேயே முடிய வேண்டும் என்பது தையற்காரர்களின் கணக்கு. இல்லாவிட்டால் உட்காரும்போது கால்சட்டைப் பட்டையில் முட்டிக்கொண்டு கழுத்துவரை மேலேறிவிடும். அதைக் கீழே இழுத்துப் பிடிக்க, கால்சட்டையோடு கோத்துக்கொள்ளும் சிறு நாடா ஒன்றும் சட்டையில் உண்டு.

இந்த விறைப்பிலிருந்து விடுதலை கொடுத்தது டின்னர் ஜாக்கெட். வேல்ஸ் இளவரசராயிருந்த எட்வர்டுக்காக லண்டன் சவில் ரோவின் ஹென்றி பூல் நிறுவனம் 1865இல் வாலில்லாத மாலைக் கோட்டு ஒன்றைத் தைத்தது. அமெரிக்காவின் டக்சீடோ பார்க் வாசிகளிடம் 1886 வாக்கில் அதே வகை பரவ, ஊர்ப்பெயரே கோட்டின் பெயரும் ஆகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் மென்மையான, மடிப்பு மடிப்பாகத் தைத்த முன்பகுதியும் கீழே மடியும் காலரும் கொண்ட சட்டை இந்தக் கோட்டுக்குத் துணையாயிற்று. எட்வர்டின் பேரனான வின்ட்சர் கோமகன் அதை விரும்பி அணிந்ததும் அது நிலைபெற ஒரு காரணம். இன்று கறுப்பு போ டை விருந்துகளில் காண்பது பெரும்பாலும் இந்தச் சட்டைதான். கை நுனி இரட்டையாக மடிந்து கஃப் லிங்க்கில் பூட்டியிருக்கும்.

பெண்களின் பக்கம்

1890களில் அமெரிக்கப் பெண்களிடம் பரவிய ‘ஷர்ட்வெய்ஸ்ட்’ ஆணின் சட்டையைப் பார்த்துத் தைத்த மேலாடை. தட்டச்சு செய்தவர்களும் கடைகளில் நின்றவர்களும் ஆசிரியைகளும் அதை நீளப் பாவாடையோடு அணிந்தார்கள். அதைத் தைத்த பெண்களின் நிலை வேறு. நியூயார்க்கின் டிரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் தொழிற்சாலையில் 1911 மார்ச் 25 அன்று பிடித்த தீயில் 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குடியேறி வந்த இளம்பெண்கள். வெள்ளைச் சட்டையை உழைப்பின் உடையாகக் கண்ட அந்தத் தலைமுறை, அதை விருந்துக்கு அணிய நினைத்திருக்காது.

திரையில் முதல் அதிர்ச்சியைக் கொடுத்தவர் மார்லீன் டீட்ரிச். ‘மொராக்கோ’ (1930) படத்தில் வால் கோட்டும் வெள்ளை போ டையும் உயரத் தொப்பியுமாக, ஓர் ஆணின் முழு மாலை உடையில் மேடையேறினார். ஆனால் அது வேடம். பெண்ணின் மாலை உடைக்கென்றே வடிவமைத்த வெள்ளைச் சட்டை வர மேலும் இருபதாண்டு ஆனது. 1952இல் பாரிஸில் தன் நிறுவனத்தைத் தொடங்கிய யூபேர் த ஜிவான்ஷியிடம் பணம் குறைவு. முதல் தொகுப்பில் விலை மலிந்த பருத்திச் சட்டைத் துணியை எடுத்து, காலரைத் திறந்துவிட்டு, கைகளில் அடுக்கடுக்காகச் சுருக்குத் துணி வைத்துத் தைத்தார். மாடல் பெட்டினா கிராசியானியின் பெயரால் ‘பெட்டினா பிளவுஸ்’ எனப்பட்ட அது, பட்டு இல்லாமலும் மாலைக்களை கொண்டுவரலாம் என்று காட்டியது.

ஈவ் சாங் லோரோன் 1966இல் பெண்களுக்காகத் தைத்த டக்சீடோவான ‘ல ஸ்மோக்கிங்’, சுருக்கு வைத்த வெள்ளை ஆர்கண்டிச் சட்டையோடு வந்தது. கால்சட்டையணிந்த பெண்களை உயர்தர உணவகங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. அதனால் எல்லோர் கண்ணும் கால்சட்டைமேலேயே இருந்துவிட, அந்த உடையில் பெண்மையின் சாயலைத் தாங்கி நின்ற சட்டையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இத்தாலியின் ஜான்ஃபிராங்கோ ஃபெர்ரே (1944–2007) கட்டடக்கலை படித்தவர். 1989 முதல் சில ஆண்டுகள் டியோர் நிறுவனத்தின் கலை இயக்குநர். வெள்ளைச் சட்டையை வாழ்நாள் முழுக்க அவர் திரும்பத் திரும்பத் தைத்தார். காலரைத் தோள்வரை விரித்தார், கையை ஊதவைத்தார், டஃபேட்டாவிலும் ஆர்கன்சாவிலும் வெட்டினார். எவ்வளவு மாற்றினாலும் அது சட்டைதான் என்பது பார்த்தவுடன் தெரியும். அந்தச் சட்டைகளுக்கென்றே 2014இல் பிராட்டோ துணி அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி வைத்தது. காரகாஸில் பிறந்து நியூயார்க்கில் 1981இல் தொழில் தொடங்கிய கரோலினா ஹெரேரா இதற்கு நேர் எதிர்: சட்டையைத் தொடாமல் பாவாடையை மட்டும் பெரிதாக்கினார். 2018 பிப்ரவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் விடைபெற்ற நிகழ்ச்சியின் இறுதியில், மாடல்கள் வரிசையாக வெள்ளைச் சட்டையும் தரை தொடும் வண்ணப் பாவாடையும் அணிந்து நடந்தார்கள்.

இவை யாவும் விலையுயர்ந்த வட்டாரத்துச் செய்திகள். வெள்ளைச் சட்டையின் மாலைப் பயன் பொதுமக்கள் கண்ணில் பட்டது 1998 ஆஸ்கார் விழாவில். நடிகை ஷரோன் ஸ்டோன், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ‘கேப்’ நிறுவனத்துச் சட்டையை, அதுவும் கணவரின் சட்டையை, வேரா வாங் தைத்த இளம் ஊதா சாட்டின் பாவாடைக்குமேல் அணிந்து வந்தார். 2022 ஆஸ்காரில் நடிகை செண்டேயா வாலன்டினோவின் குட்டை வெள்ளைச் சட்டையும் வெள்ளி ஜிகினா நீளப் பாவாடையுமாக வந்தபோது பலரும் ஸ்டோனை நினைவுகூர்ந்தார்கள். ஒப்பீடு பாதிதான் பொருந்தும். செண்டேயாவின் சட்டை அந்தப் பாவாடைக்கென்றே பளபளப்புத் துணியில் தைத்தது. ஸ்டோனுடையது அலமாரியிலிருந்து எடுத்தது. துணிச்சல் அதில்தான் கூடுதல்.

துணியும் வெண்மையும்

நெருக்கி நெய்த பாப்ளின் மடிப்பைப் பிடித்து நிற்கும். காலர் விறைப்பாக எழ வேண்டிய மாலைச் சட்டைக்கு இதுவே முதல் தேர்வு. நம் பக்கத்தில் பாப்ளின் என்றால் உள்பாவாடைத் துணி என்றே பழக்கம். சட்டைக்கு வருவது இன்னும் மெல்லிய நூலில் நெய்தது. வாயில் என்னும் துணி மெலிதாக இருப்பதால் உள்ளே இருப்பதைக் காட்டும். தடித்த ஆக்ஸ்ஃபோர்டு துணி பகலுக்கும் விடுமுறைக்கும் சரி; சாட்டின் பாவாடைக்குமேல் முரட்டுத்தனமாகத் தெரியும். பட்டுக் க்ரேப் ஒழுகி விழும், ஆனால் சட்டைக்குரிய எடுப்பு அதில் வராது.

வெள்ளையிலும் வேறுபாடு உண்டு. ஆலைப் பருத்தியிலும் சோப்புத்தூளிலும் வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அது நீல ஒளியாக்கித் திருப்பித் தரும். பகல் வெளிச்சத்தில் பளிச்சென்றிருக்கும் சட்டை, அக்கதிர் இல்லாத சாதாரண எல்இடி விளக்கின்கீழ் சற்று மங்குவதும், நடனக்கூடத்தின் ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வதும் இதனால்தான். இயல்பான பட்டு தந்த நிறம். நீலம் கலந்த வெள்ளைச் சட்டையை அதன் பக்கத்தில் வைத்தால் பட்டு அழுக்காகத் தெரியும். ஆகவே சட்டையையும் பாவாடையையும் கடையின் விளக்கில் ஒருமுறையும் வாசல் வெளிச்சத்தில் ஒருமுறையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அணியும் முறை

சட்டையின் பகல் தன்மையை மறைக்க முயலாமல், அதற்கு எதிரான ஒன்றைப் பக்கத்தில் வைப்பதே இதுவரை சொன்ன உடைகளில் காணும் பொதுவழி. மேலே பருத்தி, கீழே சாட்டின், டஃபேட்டா அல்லது ஜிகினா. மேலே இறுக்கம் குறைவு, இடுப்பில் அகலப் பட்டை, கீழே விரிவு. கறுப்புக் கால்சட்டை என்றால் இடுப்பு உயரமாகவும் கால் நேராகவும் விழ வேண்டும்; இல்லாவிட்டால் பரிமாறுபவரின் சீருடை நினைவுக்கு வரும். ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ (1994) படத்தில் உமா தர்மன் வெள்ளைச் சட்டையும் கணுக்காலுக்குமேல் நிற்கும் கறுப்புக் கால்சட்டையுமாக நடனமாடுவார். நகையே இல்லாமல் வெட்டின் கூர்மையால் மட்டும் நிற்கும் உடை அது.

கழுத்தைக் கடைசிப் பட்டன் வரை பூட்டினால் கழுத்துமாலையைக் காலருக்கு மேலே போடலாம். திறந்துவிட்டால் காதணி ஒன்றே போதும். இரண்டையும் சேர்ப்பதே அடிக்கடி கண்ணில் படும் பிழை. இரட்டை மடிப்புக் கையைப் பூட்டாமல் முழங்கைவரை தள்ளிவிடுவது பெண்களுக்கு அழகாக அமையும், ஆணுக்கு அசட்டையாகத் தெரியும்.

டக்-இன் செய்வதில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். முதலில் சட்டையை முழுவதும் உள்ளே விட வேண்டும். பிறகு இரு பக்கத் தையலிலும் மிஞ்சிய துணியைக் கிள்ளிப் பிடித்து முதுகுப் பக்கமாக மடித்து, அதன்மேல் பட்டையை இறுக்க வேண்டும். இரு கையையும் தலைக்கு மேலே தூக்கி இறக்கினால் எவ்வளவு துணி தளர்ந்து வர வேண்டுமோ அவ்வளவு வந்துவிடும். அதை மறுபடி உள்ளே தள்ளக் கூடாது. உள்ளாடை வெள்ளையாக இருந்தால் மெல்லிய துணிக்குள் பளிச்சென்று தெரியும். உடல் நிறத்துக்கு நெருங்கியதே மறையும். கண்ணாடியில் தெரியாதது கேமரா ஃப்ளாஷில் தெரிந்துவிடும் என்பதால், கிளம்புமுன் கைபேசியில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு.

சேலையோடு

ரவிக்கைக்குப் பதில் வெள்ளைச் சட்டை போட்டுச் சேலை கட்டுவது அண்மை ஆண்டுகளில் இந்திய நகரங்களின் மாலை வரவேற்புகளில் தென்படுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தனித் தயக்கம் உண்டு. ஆணின் வெள்ளை வேட்டி சட்டை மணவறைக்கே ஏற்றது. பெண்ணின் வெள்ளைச் சேலை கைம்மையின் அடையாளமாக நெடுங்காலம் திணிக்கப்பட்டது. பெரியவர்கள் இன்னும் முகம் சுளிப்பது அந்த நினைவால். பக்கத்துக் கேரளத்திலோ கசவுக் கரை வைத்த வெளிர் நிறம் பெண்களின் ஓணப் புத்தாடை. தமிழ்நாட்டின் தயக்கத்தைத் தாண்ட அகலச் சரிகைக் கரையும் அடர் நிறமும் கொண்ட பட்டுச் சேலை உதவுகிறது. வெண்மை மேலே மட்டும் நின்றுவிடுவதால் யாரும் குறை சொல்வதில்லை. தைப்பதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்டையின் நீள வால் கொசுவத்துக்குள் புடைத்துத் தெரியும். இடுப்புக்குக் கீழே நான்கு விரல் விட்டு நேராக வெட்டிவிடுவது வழி.

பராமரிப்பு

அக்குளில் படியும் மஞ்சள், வியர்வையோடு வியர்வைத் தடுப்பானின் அலுமினியம் கலப்பதால் வருவது. அதற்குக் குளோரின் ப்ளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகலாம். ஆக்சிஜன் வகை வெளுப்பானில் ஊறவைப்பதே பலன் தரும். சொட்டு நீலம் மஞ்சளை நீக்குவதில்லை, கண்ணுக்கு மறைக்கும். கஞ்சி போட்ட சட்டை கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் விருந்து முடியுமுன்பே தொய்ந்துவிடும். அங்கே கஞ்சியைக் குறைத்து, காலரிலும் பட்டன் பட்டியிலும் ஒட்டுத்துணியை நன்றாக வைத்துத் தைப்பதே உதவும். மாதக்கணக்கில் எடுத்துவைக்கும் சட்டையைக் கஞ்சியில்லாமல் அலசிக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும்.