பைத்தான் 2: ஆதரவு நிறுத்தப்பட்ட வரலாறு

பைத்தான், நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் உருவாக்கிய நிரலாக்க மொழி. இதன் 2.0 பதிப்பு 2000 அக்டோபரில் வெளிவந்தது. 2008 டிசம்பர் 3 அன்று வெளியான பைத்தான் 3இல் பழைய நிரல்கள் பல அப்படியே இயங்கவில்லை. 1-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 0 வந்தது, புதியதில் 0.5 வந்தது.

பெரிய மாற்றம் எழுத்துகளைக் கையாள்வதில் நிகழ்ந்தது. பைத்தான் 2இல் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசைதான். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். பைத்தான் 3 சொல்வது 5. 'மி'யின் இகரக் குறியையும் 'ழ்' மேலுள்ள புள்ளியையும் ஒருங்குறி தனித்தனியே எண்ணுவதே காரணம். பள்ளிப் பிள்ளை எண்ணினால் 3 எழுத்துதான்! ஆனாலும் 15ஐவிட 5 எவ்வளவோ மேல்.

இத்தனை இருந்தும் பயனர்கள் எளிதில் மாறவில்லை. தாங்கள் நம்பியிருந்த நிரலகங்கள் மாறட்டும் என்று அவர்கள் காத்திருந்தனர். பயனர்கள் மாறட்டும் என்று நிரலகங்களை எழுதியோர் காத்திருந்தனர். 2.7 பதிப்புக்கு 2015 என்று வைத்த கெடு, 2014இல் 2020க்குத் தள்ளிப்போடப்பட்டது. அதுவரை இரண்டிலும் இயங்கும்படி ஒரே நிரலை எழுத வேண்டியிருந்தது. அதற்கு உதவிய நிரலகத்தின் பெயர் சிக்ஸ் (இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு). இந்த இரட்டைச் சுமையைச் சுமந்தவர்களில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். புதிய மொழியின் வசதிகளையும் அவர்களால் முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை.

2020க்குள் பைத்தான் 2ஐக் கைவிடுவதாக நம்பை, ஐபைத்தான் உள்ளிட்ட பல திட்டங்கள் கூட்டாக உறுதியளித்தன. எவரும் தனியே பழி ஏற்க வேண்டியதில்லை என்பதே இதன் பலம். ஆயினும் பயனருக்கு அதைவிட உதவியது ஒரு சிறிய ஏற்பாடு. ஒவ்வொரு நிரலகப் பதிப்பும் தனக்கு எந்தப் பைத்தான் தேவை என்பதைக் குறித்து வைக்கும். நிரலகங்களை நிறுவும் பிப் என்ற கருவி, 2016 நவம்பரில் வந்த 9.0 பதிப்பு முதல் அக்குறிப்பைப் பார்த்து, பொருந்தும் பதிப்பையே இறக்கியது. 2017 ஏப்ரலில் ஐபைத்தான் 6.0 பழைய மொழியைக் கைவிட்டபோது, புதிய பிப் வைத்திருந்த பைத்தான் 2 பயனர்களுக்கு ஐபைத்தான் 5 தொடர்ந்து கிடைத்தது. அவர்களின் நிரல் ஒரே நாளில் உடையவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஜாங்கோ 2.0 வெளிவந்தது, அதுவும் பைத்தான் 3இல் மட்டுமே இயங்கும்.

2020 ஜனவரி 1 அன்று ஆதரவு முடிவுற்றது. பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டாலும் பைத்தான் குழுவினர் இனித் திருத்தித் தரமாட்டார்கள் என்பது இதன் பொருள். இறுதிப் பதிப்பான 2.7.18, ஏப்ரல் 20இல் வெளியானது. 2021 ஜனவரியில் பிப்பும், 2022 மார்ச்சில் ஆப்பிளின் மேக்ஓஎஸ் 12.3உம் பைத்தான் 2ஐக் கைவிட்டன. பைப்பை என்ற மாற்று இயக்கச்சூழல் 2.7க்கான ஆதரவைத் தொடர்ந்தது. அதுவே பைத்தான் 2இன் கட்டுப்படுத்தப்பட்ட வடிவம் ஒன்றில் எழுதப்பட்டது.