ஓநாய் என்றொரு நோய்

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ, திருமண வயதில் உள்ள மகள் ஒருத்தி திடீரெனப் பிதற்றத் தொடங்குகிறாள். எவர் காதிலும் விழாத குரல்கள் தனக்குக் கேட்பதாகச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காற்றுக் கருப்பு என்பார் ஒருவர். மனக்கோளாறு என்பார் மற்றொருவர். மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. சில மாதங்களாக அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கியதையும், வெயில் பட்டால் கன்னங்கள் சிவந்ததையும், கூந்தல் உதிர்ந்ததையும் எவரும் இதனோடு இணைத்துப் பார்ப்பதில்லை. அவ்வாறு இணைத்துப் பார்க்க மருத்துவ உலகிற்கே நெடுங்காலம் ஆயிற்று.

'லூப்பஸ்' என்பது ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல். முகத்தைக் கடித்துக் குதறியது போன்ற புண்களுக்கு இடைக்கால ஐரோப்பாவில் இப்பெயர் வழங்கிற்று. லியேழ் நகர ஆயர் எராக்ளியுஸ், தூர் நகரத்துப் புனித மார்ட்டின் திருத்தலத்தில் இந்நோய் நீங்கப்பெற்றார் என்று 10ஆம் நூற்றாண்டுச் செய்தி ஒன்று உண்டு. அது இன்றைய லூப்பஸ்தானா என்பது ஐயத்துக்குரியது. 1851இல் பாரிஸ் மருத்துவர் கசனாவ் இந்நோய்க்கு இன்றைய பெயரை இட்டார். இது தோலோடு நிற்பதன்று, உடல் முழுவதையும் தாக்கவல்லது என்று 1872இல் வியன்னாவின் கப்போசி எழுதினார். பிதற்றலையும் நினைவிழப்பையும் அவர் அப்போதே குறித்துவைத்தார்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைப் பகையெனக் கொள்வதுதான் இந்நோய். நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மூளையும் நரம்பும் தாக்குண்டால் வலிப்பு, பக்கவாதம், மறதி, மனச்சோர்வு, சித்தப்பிரமை ஆகியவை தோன்றலாம். அமெரிக்க வாதநோய் வல்லுநர்கள் 1999இல் இவற்றை 19 வகையாகப் பகுத்தனர்.

1949இல் ஹெஞ்ச் என்னும் மருத்துவர் மூட்டுவாதத்தில் கார்ட்டிசோனின் ஆற்றலை வெளிப்படுத்தினார். மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றார். அவ்வகை மருந்துகள் லூப்பஸ் நோயாளர் பலரின் உயிரைக் காத்தன. ஆயினும், மிகுந்த அளவில் கொடுக்கும்போது அம்மருந்தே மனத்தைக் கலக்குவதும் உண்டு. பிதற்றல் நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா? முன்னதாயின் மருந்தைக் கூட்ட வேண்டும். பின்னதாயின் குறைக்க வேண்டும். மருத்துவர் நிற்கும் இந்த நாற்சந்தியை அறியாமல், வீட்டார் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவது பேராபத்து. கத்தோலிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானர், தம் தந்தையின் உயிரைப் பறித்த இதே நோயோடு பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, எழுதி, 1964இல் 39ஆம் வயதில் மறைந்தார்.

நம் சென்னையில் மூளைக்கு ஒரு வாசலும் மனத்துக்கு மற்றொரு வாசலுமாக மருத்துவம் வளர்ந்தது. 1794இல் புரசைவாக்கத்தில் தோன்றிய மனநோயாளர் இல்லம் 1871இல் கீழ்ப்பாக்கம் சென்றது. அரசு பொது மருத்துவமனையிலோ 1950இல் டாக்டர் பா. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இரு வாசல்களுக்கும் நடுவே நிற்பவள் நாம் முதலில் கண்ட மகள். எந்த வாசலுக்கு அவளை முதலில் அழைத்துச் செல்கிறோம் என்பதைப் பொறுத்து அவளது வாழ்வே மாறலாம்.

அவ்விடைவெளியைக் குறைக்க உழைத்தவர்களும் உண்டு. கீழ்ப்பாக்கத்தில் தலைமைப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், மனநோயாளரும் குடும்பத்தின் அரவணைப்பில் வாழத்தக்கவரே என்று காட்டினார், 1984இல் 'ஸ்கார்ப்' அமைப்பை நிறுவினார், 2021இல் மறைந்தார். டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய அடையாற்றுத் தன்னார்வ நலப்பணி மருத்துவமனையில் பொது மருத்துவமும் நரம்பியலும் ஒரே வளாகத்தில் இடம்பெற்றன. டாக்டர் ராமமூர்த்தியின் பிற்காலப் பணியும் அங்கேயே நிகழ்ந்தது.

ஆகவே, இளம்பெண் ஒருத்தியின் மனம் திடீரெனத் தடுமாறினால், அவளது மூட்டையும் தோலையும் சிறுநீரையும் இரத்தத்தையும் ஆய்ந்து பார்க்கச் சொல்வோம். ஊர் என்ன சொல்லுமோ, திருமணம் தடைப்படுமோ என்று மறைப்பதால் இழக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்குரிய நாள். செபிப்போம், ஆனால் செபத்தைக் காரணம் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போடாதிருப்போம். ஓநாயைக் கண்டும் மந்தையை விட்டு ஓடாதவனே நல்ல ஆயன். வீட்டிலும் அத்தகையோர் வேண்டும்.