வானொலி, தொலைக்காட்சித் துறையில் படிக்க ஆசையா? சிங்கப்பூரில் உள்ள வழிகள்

உயர்நிலை நான்கில் படிக்கும் பிள்ளை ஒருநாள் சாப்பாட்டு மேசையில், “நான் வானொலியில வேலை செய்யப் போறேன்” என்று சொல்கிறது. “அதுக்கு என்ன படிக்கணும்?” என்று பெற்றோர் முதலில் கேட்பார்கள். “அதுல சோறு கிடைக்குமா?” என்ற அடுத்த கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை.

இரண்டுமே நியாயமான கேள்விகள். தேர்வு முடிவு வந்த சில நாள்களுக்குள் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், பதிலை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் ஒலிபரப்பின் பாதை

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி முன்னோடிச் சேவையாகத் தொடங்கியது. அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் அதைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் இரண்டாம் ஒளிவழியும் வந்தது. ஒளிவழி 5 ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும், ஒளிவழி 8 சீனத்துக்கும் தமிழுக்கும் என்று பிரிக்கப்பட்டன.

2000ஆம் ஆண்டில் ‘வசந்தம் சென்ட்ரல்’ வந்தபோதும் அது மற்ற நிகழ்ச்சிகளுடன் ஒரே ஒளிவழியைப் பகிர்ந்துகொண்டது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதிதான் ‘வசந்தம்’ தனி ஒளிவழியானது. வானொலியில் ‘ஒலி 96.8’ இருக்கிறது. இரண்டும் மீடியாகார்ப் நிறுவனத்தைச் சேர்ந்தவை. பல்லாண்டு காலம் கால்டிகாட் ஹில்லில் இயங்கிய அந்நிறுவனம் இப்போது ஒன்-நார்த் வட்டாரத்தில் உள்ள ஸ்டார்ஸ் அவென்யூவில் இருக்கிறது.

தமிழ் ஒலிபரப்பில் வேலை தரும் இடங்கள் குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், அந்த இடங்களுக்குத் தேவையான திறன்கள் வேறு பல இடங்களிலும் கைகொடுக்கும்.

எங்கே படிக்கலாம்?

அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சிப் பயிற்சியைப் பல சமூகக் கல்லூரிகள் தருகின்றன. இங்கே அந்தப் பணியைச் செய்பவை பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும்தான்.

நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி 1989ஆம் ஆண்டு முதல் ‘மாஸ் கம்யூனிகேஷன்’ பட்டயக் கல்வியை வழங்கி வருகிறது. மாணவர்கள் நடத்தும் ‘ரேடியோ ஹீட்வேவ்’ வளாக வானொலி அங்குதான் இருக்கிறது. உட்லண்ட்சில் உள்ள ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் அதே பெயரில் பட்டயக் கல்வி உண்டு. தெம்பனிசில் உள்ள தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி தொடர்பு, ஊடக நிர்வாகப் படிப்பையும் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்புப் படிப்பையும் வழங்கி வந்துள்ளது. டோவரில் இருக்கும் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் ஊடகப் பிரிவு உள்ளது. இவை மூன்றாண்டுப் படிப்புகள்.

புத்தகத்தைவிடக் கருவிகளோடு பழகக் கற்பதை விரும்பும் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஏற்றது. அங் மோ கியோவில் உள்ள அதன் மத்தியக் கல்லூரியில் வடிவமைப்பு, ஊடகப் பிரிவு இயங்குகிறது. அங்கு நன்றாகத் தேர்ச்சி பெறுவோர் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்லலாம்.

தேக்காவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், மெக்னலி ஸ்திரீட்டில் லாசால் கலைக் கல்லூரி இருக்கிறது. 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கல்லூரி, ஒலி, ஒளிபரப்பு ஊடகத்திற்கென்றே ஒரு பட்டயக் கல்வியை நடத்தி வந்துள்ளது. பல்கலைக்கழக அளவில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் பள்ளி 1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. செய்தியாளராக இருந்து பின்னர் அதிபரான வீ கிம் வீயின் பெயர் 2006ஆம் ஆண்டில் அதற்குச் சூட்டப்பட்டது. தொடக்கக்கல்லூரி வழியாகவோ நல்ல மதிப்பெண்ணுடன் பட்டயம் முடித்தோ அங்கு விண்ணப்பிக்கலாம்.

பாடநெறிகளின் பெயர்களும் உள்ளடக்கமும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான விவரத்தை அந்தந்தக் கல்வி நிலையத்திடமே உறுதிசெய்து கொள்ளுங்கள்.

எப்படிச் சேர்வது?

சாதாரண நிலைத் தேர்வு எழுதுவோருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, முன்கூட்டிய மாணவர் சேர்க்கைத் திட்டம். தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பிக்கலாம். ஆர்வமும் திறனும் இதில் பார்க்கப்படும். பிள்ளை செய்த காணொளி, ஒலிப்பதிவு, பள்ளி நிகழ்ச்சிகளை வழிநடத்திய அனுபவம் ஆகியவற்றை நேர்முகத்தில் காட்டலாம். தமிழில் செய்த படைப்பாக இருந்தாலும் தயங்காமல் காட்டுங்கள். இடம் கிடைத்தாலும் குறைந்தபட்சத் தேர்வுத் தகுதியை அடைந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, முடிவுகள் வந்தபின் நடைபெறும் கூட்டு மாணவர் சேர்க்கை. ஆங்கிலம், பாடநெறிக்குத் தொடர்புடைய இரு பாடங்கள், சிறந்த மற்ற இரு பாடங்கள் ஆகியவற்றின் மதிப்பெண் கூட்டப்படும். ஊடகப் படிப்புகளுக்கு ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி தேவை. சிறந்த மற்ற இரு பாடங்களில் தமிழும் ஒன்றாக இருக்கலாம் என்பதால், கடைசி மாதங்களில் தமிழைக் கைவிட்டுவிட வேண்டாம்.

2027ஆம் ஆண்டு முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வழங்கப்படும். இப்போது கீழ் உயர்நிலையில் பிள்ளைகள் இருப்போர் புதிய சேர்க்கை விதிகளைக் கவனித்து வர வேண்டும்.

செலவு எவ்வளவு?

அரசாங்க மானியத்திற்குப் பிறகு, சிங்கப்பூர்க் குடிமக்களுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி. நிரந்தரவாசிகளுக்கும் வெளிநாட்டினருக்கும் இது கூடுதல். கலைக் கல்லூரிகளின் கட்டணம் வேறுபடும்.

பிள்ளையின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் உள்ள பணத்தைக் கட்டணத்திற்குப் பயன்படுத்தலாம். எடுசேவ் கணக்கில் மிஞ்சிய தொகை அதற்குத்தான் மாற்றப்படுகிறது. பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து கல்விக் கடன் பெறும் திட்டமும் உண்டு. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் அரசாங்க உதவிநிதிக்கு விண்ணப்பிக்கலாம். பீட்டி ரோட்டில் உள்ள சிண்டாவிலும் உதவிநிதி பற்றி விசாரிக்கலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்பும் 25 வயதும் அதற்கு மேற்பட்டோரும் குறுகியகாலப் பயிற்சிகளுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தலாம்.

வகுப்பில் என்ன நடக்கும்?

திரையில் முகம் காட்டுவதுதான் ஒலிபரப்பு என்று நினைத்துச் சேரும் மாணவர்கள் முதல் ஆண்டில் சற்று ஏமாறுவார்கள். எழுத்துப் பணிதான் அதிகம். செய்தி எழுதுதல், நேர்காணல், ஊடகச் சட்டம், நெறிமுறை, ஆய்வு என்று தொடங்கி, பிறகே கூடத்திற்குள் நுழைவார்கள்.

வானொலிக் கூடத்தில், பேசுபவரே ஒலியளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கை ஃபேடரில் இருக்கும், கண் கடிகாரத்தில் இருக்கும், அடுத்த பாடல் எத்தனை நொடியில் தொடங்கும் என்ற கணக்கு மனத்தில் ஓடும். தொலைக்காட்சிக் கூடத்தில் வேலை பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். இந்த வாரம் கேமரா பிடித்தவர் அடுத்த வாரம் காட்சிகளை மாற்றும் பொத்தான்களின் முன் அமர்வார். அதற்கடுத்த வாரம் தள நிர்வாகியாக நின்று படிப்பாளருக்கு விரல்களால் நேரம் காட்டுவார்.

படிப்பின் பிற்பகுதியில் நிறுவனம் ஒன்றில் வேலைப் பயிற்சி இருக்கும். தமிழ் ஊடகத்தில் சேர விரும்புவோர் அந்த விருப்பத்தை விரிவுரையாளரிடம் சீக்கிரமே சொல்லிவிட வேண்டும்.

தமிழைக் கற்றுத்தருவது யார்?

பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். மேற்சொன்ன படிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பவை. மூன்றாண்டுகள் தமிழில் ஒரு பத்திகூட எழுதாமல் பட்டயம் வாங்கிவிட முடியும். அப்படி வெளியே வருபவர் தமிழ்ச் செய்தியறைக்குள் நுழைந்தால் கேமரா தெரியும், மென்பொருள் தெரியும், வாக்கியம் மட்டும் வராது.

ல, ள, ழ வேறுபாடு எல்லாரும் அறிந்ததே. ‘விழா’வில் ழகரம் நழுவினால் அது விலா எலும்பாகிவிடும். சிங்கப்பூர்ச் செய்தியில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. காலாங், கேலாங் இரண்டையும் தமிழில் ஒரே ககரத்தில் தொடங்குகிறோம். ஆனால் முதலாவது வல்லோசை, இரண்டாவது மெல்லிய ஓசை. பொங்கோல், பிடோக் இரண்டும் பகரத்தில் தொடங்கினாலும் ஒலிப்பு வேறு. சீன, மலாய்ப் பெயர்களும் அப்படித்தான். எழுத்தைப் பார்த்து மட்டும் படித்தால் தவறும். ஊரைத் தெரிந்தவர்தான் சரியாகப் படிப்பார். வெளியூரில் தமிழ் கற்று வந்தவரைவிட இங்கே பேட்டையில் வளர்ந்த பிள்ளைக்கு இருக்கும் சாதகம் இது.

எழுத்துத் தமிழ் வேறு, காதுக்கு எழுதும் தமிழ் வேறு. அச்சில் நீண்ட வாக்கியத்தை மறுபடி படித்துக்கொள்ளலாம். வானொலியில் அந்த வசதி இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு தகவல் போதும். 

இதையெல்லாம் சொந்தமாகப் பழகலாம். தினமும் ஒரு செய்தியை உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். ஆங்கிலச் செய்தி ஒன்றைப் பார்த்து ஐந்து வரியில் தமிழில் எழுதுங்கள். அனுமதி கேட்டு, தேக்கா கடைக்காரர் ஒருவரிடம் மூன்று நிமிடம் பேட்டி எடுத்து, அதை ஒரு நிமிடமாகச் சுருக்குங்கள். எதை வெட்டுவது என்று தீர்மானிப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979ஆம் ஆண்டு முதல் பேட்டிகளைச் சேகரித்து வருகிறது. அவற்றில் உள்ள தமிழ்ப் பேட்டிகளைக் கேட்டால், கேள்வி கேட்கும் முறையையும் பழைய சிங்கப்பூர்த் தமிழையும் ஒருங்கே கற்கலாம். முறையாகப் படிக்க விரும்புவோருக்குச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு உள்ளது.

சோறு கிடைக்குமா?

பெற்றோரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒலிபரப்பு நிலையத்தில் நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைக்காது. தமிழ் நிகழ்ச்சிகள் பலவற்றைத் தயாரிப்பு நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் செய்கின்றன. அங்கே படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், கதை எழுதுபவர், ஆங்கில வசனவரிகள் எழுதுபவர் எனப் பலர் தன்னுரிமைத் தொழிலராக வேலை செய்கிறார்கள். ஒரு மாதம் வேலை குவியும், மறுமாதம் ஒன்றும் இருக்காது. முதலாளி தரும் மத்திய சேமநிதிப் பங்கும் இல்லை. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்கில் சொந்தமாகவே பணம் செலுத்த வேண்டும். படிக்கும்போதே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அதே சமயம், பட்டயதாரிகள் விளம்பரம், அரசாங்க அமைப்புகளின் தொடர்புப் பிரிவு, நிகழ்ச்சி ஏற்பாடு, வலையொளி, சமூக ஊடகம் என்று பல துறைகளுக்குச் செல்லலாம். பொது அறிவிப்புகளை நான்கு மொழிகளில் வெளியிடும் நாட்டில், தமிழில் தெளிவாக எழுதவும் பேசவும் தெரிந்த ஊடகப் பட்டயதாரிக்குத் தனி மதிப்பு உண்டு.

முடிவெடுக்கும் முன்

திறந்தவெளி நாளன்று பெற்றோரும் பிள்ளையோடு கல்லூரிக்குச் செல்லுங்கள். கூடத்தைப் பாருங்கள். வேலைப் பயிற்சி எங்கெல்லாம் கிடைக்கிறது, தமிழில் படைப்புகள் செய்ய அனுமதி உண்டா, முன்னாள் மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

பிறகு வீட்டுக்கு வந்து, பிள்ளையிடம் ஒரு தமிழ்ச் செய்தியைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் பயப்பட வேண்டாம். நாளைக்கும் படிக்கிறதா என்று பாருங்கள்.