சுனாமிக்குப் பின் பிறந்த ஒரு மென்பொருளின் கதை



2004.12.26 ஞாயிற்றுக்கிழமை. நாவலடி, காத்தான்குடி, மருதமுனை மக்களுக்கு அந்த நாளைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். உயிர் தப்பியவர்கள் பெயர்ப்பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து, முகாம் முகாமாக உறவுகளைத் தேடித் திரிந்தார்கள்.

அதே நாட்களில் இலங்கையின் கணினித்துறைத் தொண்டர்கள் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனின் கீழ் ஒன்றுசேர்ந்து, சில வாரங்களில் "சஹானா" என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று அர்த்தம். காணாமல் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவையான பொருட்கள் எல்லாவற்றையும் பதிய ஒரே இடம். யாரும் இலவசமாக எடுத்து, மாற்றிப் பாவிக்கலாம்.

அவசரத்தில் எழுதியது அவசரத்துக்கு உதவியது. ஆனால் அது நமது சுனாமிக்கென்றே எழுதப்பட்டது. அதனால் சுவீடன் அரசின் நிதியுதவியோடு, எந்த நாட்டு அனர்த்தத்துக்கும் பொருந்தும்படி மீண்டும் வடிவமைத்தார்கள். பொதுவான அடித்தளம் ஒன்று, அதன்மேல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மொடியூல்.

இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1960களில் நோர்வேயில் டால், நிகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா மொழியில்தான் பொருள் நோக்கு நிரலாக்கம் தொடங்கியது. 1972இல் டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரையில், பிற்காலத்தில் மாறக்கூடிய விடயத்தை ஒரே பகுதிக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்றார். 1988இல் பேர்ட்ரன்ட் மேயர், புதியதைச் சேர்க்க இடம் இருக்க வேண்டும், அதற்காகப் பழையதை உடைக்க நேரக்கூடாது என்றார்.

நமக்கு விளங்குகிற மாதிரி ஓர் உதாரணம். இங்கே முகவரி என்றால் மாவட்டம், பிரதேச செயலகம், கிராம சேவகர் பிரிவு. பாகிஸ்தானில் அது மாகாணம், மாவட்டம், தஹ்ஸீல். முகவரி விடயத்தை ஒரு பகுதி மட்டும் கவனித்தால், அங்கே மட்டும் மாற்றினால் போதும். முகாம் பதிவேடும் காணாமல் போனோர் பதிவேடும் அதனிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அதையே பத்து இடங்களில் எழுதி வைத்திருந்தால் பத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று தவறினால், மகனைத் தேடி வரும் ஓர் உம்மாவை வேறொரு முகாமுக்கு அனுப்பிவிடுவோம்.

சஹானா கடல் கடந்தது. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம் என எல்லா இடத்திலும் உதவியது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்கே கிடைத்தது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது பைத்தன் மொழியில் எழுதப்பட்ட "சஹானா ஈடன்" வேலை செய்தது. மொழி மாறியது, ஆட்கள் மாறினார்கள், வேலைகளைப் பிரித்து அமைக்கும் முறை நிலைத்தது.

உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைகளே! வகுப்பு, மரபுரிமை, உறையிடல் என்று பரீட்சைக்காகப் பாடமாக்குகிறீர்கள். நாளை நமது பள்ளிவாசலின் ஸகாத் கணக்குக்கோ ஒரு வைத்தியசாலைக்கோ மென்பொருள் எழுதப்போவது நீங்கள்தான். நீங்கள் வெளிநாடு போன பிறகு, உங்களை அறியாத ஒருவர் அதைத் திறந்து திருத்துவார். அவருக்கு விளங்கும்படி எழுதுவது ஓர் அமானிதம்.

அந்த அலையில் பிரிந்த நம் உறவுகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.