ஸ்லைடில் காணாமல் போன சுவர்

சளி என்றாலே நமக்கு மூக்கும் கைக்குட்டையும்தான் ஞாபகம் வரும். ஆனா குடலின் உட்புறம் முழுக்கப் பூசியிருப்பதும் சளிதான். பெருங்குடலில் அது எப்படிக் காவல் காக்கிறது என்பது தெளிவாக 2008 வரை ஆனது. ஏன் இவ்வளவு லேட்?

முதலில் பிரச்சினையைப் பார்ப்போம். நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக ஒரு மதிப்பீடு. பெரும்பாலானவை பெருங்குடலில். அங்கே உடம்புக்கு எல்லைச்சுவராக இருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள். அப்புறம் எப்படி குடல் புண்ணாகாமல் இருக்கு?

நுண்ணோக்கியில் பதில் கிடைக்காமல் போனதற்கு முக்கியக் காரணம் ஃபார்மலின். 1893-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ப்ளூம், அது திசுக்களை இறுக்கிப் பதப்படுத்தும் என்று எழுதினார். மெல்ல எல்லா ஆய்வகங்களும் அதற்கு மாறின. சளியோ 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். ஃபார்மலினில் போட்டு, நீரை எடுத்து, மெழுகில் புதைத்துச் சீவுவதற்குள் அது சுருங்கிப் போய்விடும். ஸ்லைடில் பார்த்தால் பாக்டீரியா செல்லை உரசிக்கொண்டு இருப்பதுபோலத் தெரியும்.

2001-இல் உயிருள்ள எலிகளின் குடலில் சளியை அளந்தார்கள். மேல் படலத்தை உறிஞ்சி எடுக்க முடிந்தது. அடியில் இன்னொன்று, உறிஞ்சினாலும் வராமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

அது எதற்கு என்று 2008-இல் காட்டியது ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் மலின் ஜோஹன்சன், குன்னார் ஹான்சன் குழு. அவர்கள் எடுத்தது கார்னுவா திரவம். 19-ஆம் நூற்றாண்டு பெல்ஜியப் பாதிரியார் ஒருவர் பெயரில் வழங்கும் பழைய சரக்கு: ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம். தண்ணீரே கிடையாது. அதனால சளி அப்படியே நின்றது. சுண்டெலியின் பெருங்குடலில் மேல் படலம் முழுக்க பாக்டீரியா. செல்லை ஒட்டிய உள் படலத்தில் ஒன்றுகூட இல்லை. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான்! இரண்டு படலத்துக்கும் அடிப்படை மியூக்2 என்ற ஒரே புரதம். அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளில் பாக்டீரியா நேராகச் செல்லைத் தொட்டது. அவற்றுக்குக் குடல் அழற்சியும் புற்றுநோயும் வருவது ஏற்கெனவே தெரிந்திருந்தது; ஏன் என்பது இப்போது புரிந்தது.

இது சுண்டெலிக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகள் பலரிடம் இந்த உள் படலத்துக்குள் பாக்டீரியா புகுந்துவிடுகிறது என்று அதே குழு பின்னர் காட்டியது. அந்த நோயை ஆராய்கிறவர்கள் இப்போது செல்லோடு சேர்த்துச் சளியையும் பார்க்கிறார்கள்.